காத்திருந்தால் கெடு முடிந்துவிடும்

ஜாலான் புசாரில் மின்விளக்குக் கடைகளும் இரும்புச் சாமான் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. மாடிகளில் சின்னச் சின்ன அலுவலகங்கள். கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்களில் சிலருக்குச் சிங்கப்பூரில் முதல் வேலை இப்படிப்பட்ட இடங்களில்தான் கிடைக்கிறது.

வேலை பற்றி வானொலியில் பேசும் நாள்களில், நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் அழைப்புகளைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். ஒலிபரப்பில் சொல்லத் தயங்கியதை அப்போதுதான் சொல்வார்கள். கணக்கு எழுதும் வேலைக்கு எதற்கு மாண்டரின்? அடுத்த குழந்தை எப்போது என்று நேர்காணலில் கேட்கலாமா? கேள்விகள் வேறுவேறு. முடிவில் பலரும் கேட்பது ஒன்றுதான்: “புகார் கொடுத்தால் பாஸ் போய்விடுமா?”

இந்தப் பயத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. பதில் உங்கள் அனுமதியைப் பொறுத்தது. சிங்கப்பூரரை மணந்து நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர், மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதத்துடன் வேலை செய்யலாம். வேலை போனாலும், கணவர் வழியில் கிடைத்த அனுமதி அதோடு போய்விடாது. கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்து டிபெண்டன்ட் பாஸில் வந்தவர் நிலை வேறு. 2021 மே 1 முதல், அவர் வேலை செய்ய வேண்டுமானால் முதலாளி அவருக்கென்று தனி வேலை அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதியை ரத்து செய்யவும் முதலாளியால் முடியும். பட்டம் பெற்ற பல பெண்கள் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. இனம், சமயம், மொழித் திறன், தேசியம், வயது, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, உடற்குறை, மனநலம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதையும் அது தடுக்கிறது. வேலைக்கு உண்மையிலேயே தேவையென்றால் மட்டும் ஒரு மொழியைக் கேட்கலாம். மாண்டரின் பேசும் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டுபவரிடம் அதைக் கேட்பது நியாயம். கணக்கு எழுதுபவரிடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

சட்டம் 2027 இறுதியில் நடைமுறைக்கு வரும் என எதிர்பார்க்கப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, 25 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. சின்ன நிறுவனங்களுக்குத் தயாராக அவகாசம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் நான் மேலே சொன்ன மாடி அலுவலகங்கள் பலவும் அந்த விலக்குக்குள் வந்துவிடுமே!

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் சின்னக் கடைக்கும் பொருந்தும். அவற்றை மீறும் நிறுவனம் வெளிநாட்டு ஊழியர்களை எடுக்கும் சலுகையை மனிதவள அமைச்சு கட்டுப்படுத்தலாம். இனத்தையோ கர்ப்பத்தையோ காரணமாக்கி வேலையிலிருந்து நீக்குவது இன்றைய விதிகளின்படியே முறையற்ற பணிநீக்கம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முறையற்ற பணிநீக்கப் புகாரைப் பொதுவாகக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் டாடெம் எனப்படும் முத்தரப்பு அமைப்பிடம் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவருக்குச் சம்பளப் பாக்கிப் புகாருக்கான கெடு ஆறு மாதம். வீட்டில் பேசி, ஊருக்கு போன் செய்து, பெரியவர்களிடம் யோசனை கேட்டு முடிப்பதற்குள் அந்த ஒரு மாதம் ஓடிவிடுகிறது.

ஆகவே இன்றே செய்யக்கூடியவை சில. வேலை விதிமுறைகளை எழுத்தில் கேளுங்கள். 2016 ஏப்ரல் முதல் அது உங்கள் உரிமை. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மனம் புண்படும்படி ஏதேனும் சொல்லப்பட்டால் தேதி, நேரம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள். பாகுபாட்டைப் பற்றி டாஃபெப் அமைப்பிடம் சொல்லலாம். 1985இல் தொடங்கிய அவேர் சங்கம், வேலையிடப் பாகுபாட்டைச் சந்திக்கும் பெண்களுக்கு ஆலோசனை தருகிறது.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. “சின்ன விஷயம், விட்டுவிடு” என்று சொல்வதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். கெடு முடிந்துபோனால் முடிவு செய்ய எதுவும் மிஞ்சாது.