உளுந்து பிழைக்குது, புல் சாகுது: எப்படி?

உளுந்து வயலில் குயிசலோபாப் களைக்கொல்லியைத் தெளித்தால் புல் மட்டும் சாகும். நடுக்குருத்து அழுகி, இழுத்தால் கையோடு வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் உளுந்துக்கு ஒன்றும் ஆகாது. "பயிருக்குப் பாதுகாப்பான மருந்து சார்" என்பார் கடைக்காரர். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், எத்தனை நாளைக்குப் பலிக்கும் என்பதும் புரிஞ்சுடும்.

குருத்து வளரப் புதுப்புது செல்கள் வேண்டும். ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு கொழுப்பால் ஆனது. செடிக்குள் அந்தக் கொழுப்பு தயாராவதில் முதல் படியைச் செய்வது அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதி. நொதி என்றால் வேலை செய்யும் புரதம்.

பேங்க் லாக்கரை நினைச்சுக்குங்க. எங்கள் சாவியும் வாடிக்கையாளர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இந்த நொதியும் தனியாளாக வேலை செய்யாது. புல்லில் ஒரே மாதிரியான இரண்டு பெரிய புரதங்கள் ஜோடி சேர வேண்டும். உளுந்து, நிலக்கடலை போன்ற அகன்ற இலைப் பயிர்களின் பசுங்கணிகத்தில் நான்கு வகைப் புரதங்கள் கூடி அதே வேலையைச் செய்கின்றன.

புரதங்கள் ஒன்றோடொன்று எங்கே, எப்படிச் சேருகின்றன என்று பார்த்ததில்தான் மருந்தின் சூட்சுமம் தெரிந்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லியாங் டாங் குழுவினர், புல்லின் நொதியைப் போன்றே அமைந்த ஈஸ்ட் நொதியின் ஒரு பகுதியைப் படிகமாக்கி எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்தார்கள். குயிசலோபாப்பின் உறவான ஹாலாக்சிபாப், ஜோடிப் புரதங்கள் தொட்டுக்கொள்ளும் இடுக்கில் போய் உட்கார்ந்திருப்பதை 2004-ல் வெளியிட்டார்கள். வேலை நடக்கும் இடமும் அதே இடுக்குதான். உளுந்தின் நால்வர் கூட்டணியில் அப்படி ஓர் இடுக்கு மருந்துக்குக் கிடைப்பதில்லை.

இப்போது மறுபக்கம். புல்லின் இந்தப் புரதம் 2,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அதில் 1781-வது இடத்தில் ஐசோலியூசினுக்குப் பதில் லியூசின் வந்தால், மருந்து அந்த இடுக்கில் சரியாக உட்காராது. இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றுதான். கிளை பிரியும் இடம் மட்டும் வேறு. ஆஸ்திரேலியாவின் ரை புல்லில் இந்த மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். மருந்து இதை உண்டாக்குவதில்லை. எங்கோ ஒன்றிரண்டாக இருக்கும் அப்படிப்பட்ட புல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொல்கிறது. அடுத்த பட்டத்துக்கு விதை போடுவது அந்தப் புல்தான்.

நம் நாட்டிலும் அனுபவம் உண்டு. ஹரியானா கோதுமை வயல்களில் 'குல்லி டண்டா' என்ற புல், 1990-களில் ஐசோபுரோட்யூரானுக்கு அடங்க மறுத்தது. மாற்றாக வந்தவற்றில் ஒன்று குளோடினாபாப். அதுவும் 'பாப்' குடும்பம்தான். பின்னாளில் அதற்கும் அடங்காத புல் வந்தது.

களையெடுக்கும் கூலி பெரிய செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் விதைக்கும் முன் களையை முளைக்கவிட்டு உழுவது, மூடாக்கு, பயிர் சுழற்சி, புல் கதிர் தள்ளும் முன் பிடுங்குவது, இவை எதுவும் அந்த ஓர் இடுக்கை நம்பி இல்லை. 1781-வது இடத்தில் எது இருந்தாலும் களைக்கொத்து வெட்டும். இந்தப் பட்டத்தில், மருந்துக்கும் தப்பி நிற்கிற புல் உங்கள் பக்கத்து வயலில் இருந்தால், அது விதை உதிர்க்கும் முன் பிடுங்கச் சொல்லி அவரிடம் பேசுங்க. அந்த விதை உங்கள் வரப்பையும் தாண்டி வரும்.