சளிக்கு ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாது? பதில் உங்கள் பள்ளி செல் படத்தில் இருக்கு

இடது பக்கம் தாவர செல், வலது பக்கம் விலங்கு செல், நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. ஞாபகம் இருக்கா? 'வேறுபடுத்துக' கேள்விக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்துபோன அட்டவணை. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதைப் புரிந்துகொள்ள அந்த அட்டவணை போதும். கூடுதலாக ஒரு பத்தி மட்டும் சேர்க்கணும்.

முதலில் ஒரு சின்ன ரிவிஷன்

செல் சவ்வு, உட்கரு, சைட்டோபிளாசம், ரைபோசோம், மைட்டோகாண்ட்ரியா ஆகியவை இரண்டு வகை செல்களிலும் உண்டு. வித்தியாசம் இவைதான்:

• செல் சுவர்: தாவர செல்லில் மட்டும். செல்லுலோஸால் ஆனது.
• பசுங்கணிகம்: தாவரத்தின் பச்சைப் பகுதிகளில் இருக்கும். சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கும் இடம்.
• நுண்குமிழ்: தாவர செல்லில் பெரிதாக ஒன்று. விலங்கு செல்லில் இருந்தால் சின்னச் சின்னதாக இருக்கும்.
• சென்ட்ரியோல்: விலங்கு செல்லில் உண்டு, பூக்கும் தாவரங்களில் இல்லை.

பலருக்கும் வரும் குழப்பம் ஒன்று: 'தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா' என்று பிரித்துக்கொள்வது. அது தவறு. பசுங்கணிகம் தயாரிக்கும் சர்க்கரையைச் செல் பயன்படுத்தும் ஆற்றலாக மாற்ற, தாவரத்துக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும்.

மூன்றாவது பத்தியில் யார்?

பாக்டீரியா. அதுவும் ஒரு செல்தான். ஆனால் சவ்வு சூழ்ந்த உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குச் செல் சுவர் உண்டு. ஆனால் அது செல்லுலோஸ் இல்லை, பெப்டிடோகிளைக்கான் என்ற வேறு பொருள். ரைபோசோமும் உண்டு, நம்முடையதைவிட அளவில் சிறியது, அமைப்பிலும் வேறு.

மருந்து எங்கே குறிவைக்கிறது?

இந்த வித்தியாசங்களைத்தான். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் கண்டறிந்த பென்சிலினும், அதே குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலினும் பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் வேலையைத் தடுக்கின்றன. சுவர் பலவீனமானால், உள்ளே புகும் தண்ணீரின் அழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துவிடும். நம் செல்களுக்குச் சுவரே இல்லை, அதனால் அவை தப்பிக்கின்றன.

அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவை சுவரைத் தொடுவதில்லை. பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரதத் தயாரிப்பை நிறுத்துகின்றன. அதனால்தான் சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவிடம் பென்சிலின் தோற்றாலும், அசித்ரோமைசினால் வேலை செய்ய முடிகிறது.

அப்போ வைரஸ்?

சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாமே வைரஸால் வருபவை. வைரஸ் ஒரு செல்லே இல்லை. அதற்குச் செல் சுவர் கிடையாது, சொந்த ரைபோசோமும் கிடையாது; நம் செல்லின் ரைபோசோமைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. ஆன்டிபயாடிக் குறிவைக்கும் இடமே அங்கு இல்லை. 'போன தடவை மாத்திரை போட்டதும் சரியாச்சே' என்பீர்கள். சாதாரண சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். பெயர் மாத்திரைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

பக்கவிளைவுக்கும் செல்லுக்கும் தொடர்பு உண்டா?

சில மருந்துகளில் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை, வேறொரு செல்லுக்குள் குடியேறிய ஒரு பாக்டீரியா என்பது இன்று அறிவியலாளர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். லின் மார்குலிஸ் 1967-இல் இதை விரிவாக முன்வைத்தார். அந்தப் பழைய உறவால், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம் இன்றும் பாக்டீரியாவின் சாயலில் இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் லினிசோலிட்டை நீண்ட நாள் எடுக்கும்போது நரம்புகளும் பார்வையும் பாதிக்கப்படலாம். மருத்துவர்கள் கண்காணித்துக்கொண்டே அதைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேவையில்லாமல் போட்டால் என்ன நஷ்டம்?

வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் குடலில் ஏற்கெனவே வாழும் பாக்டீரியாக்களில், மருந்துக்குப் பணிபவை சாகும், எதிர்ப்புத்திறன் உள்ளவை பிழைத்துப் பெருகும். அந்தத் திறனுக்கான மரபணுவை மற்ற பாக்டீரியாக்களுக்கும் கடத்தும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தாலோ, அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று வந்தாலோ அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம். மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா தொற்றால் நேரடியாக 2019-இல் மட்டும் உலகளவில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

என்ன செய்யலாம்?

மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. ஆன்டிபயாடிக் பற்றிய விழிப்புணர்வுக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் இந்தக் கோட்டை முன்வைத்துப் பிரசாரமும் தொடங்கியது.

வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து பாக்டீரியா தொற்றும் சேர்ந்து வருவதுண்டு. அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அவரிடம் நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், இது பாக்டீரியாவா, வைரஸா?"