விடுமுறையும் படைப்புப் பயிற்சியும்

விடுமுறை என்றதும் உதகையும் கொடைக்கானலும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், எழுத்து, ஓவியம், நாடகம் ஆகியவற்றில் ஆர்வமுடையோர் சில நாள்கள் ஓரிடத்தில் கூடித் தங்கிப் பயில்வதையே தம் விடுமுறையாகக் கொள்ளும் வழக்கமும் உலகில் வேரூன்றியுள்ளது. அதன் இயல்பையும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அதனை மேற்கொள்ளும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

இரு வகை

இம்முயற்சிகளைப் பட்டறை, தனித்திருத்தல் என இரண்டாகப் பகுக்கலாம். கொல்லன் பட்டறையில் இரும்பு அடிபட்டு உருப்பெறுவதுபோல, எழுதியதைப் பிறர்முன் படித்து, குறை கேட்டு, திருத்தி எழுதும் இடம் பட்டறை. அன்றாட அலுவல்களினின்று ஒதுங்கித் தம் பணியில் ஆழ்ந்திருப்பது தனித்திருத்தல். முன்னது திறனைத் தரும். பின்னது காலத்தைத் தரும்.

ஒதுங்கியிருத்தல் நமக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிரா குகையில் தனித்திருந்து சிந்தித்ததையும், ரமளானின் இறுதிப் பத்து நாள்களில் இஃதிகாஃப் இருக்கும் நடைமுறையையும் நாம் அறிவோம். இஃதிகாஃப் வணக்கம், படைப்பாளியின் தனிமை உலகியல் முயற்சி, இரண்டும் ஒன்றாகா. எனினும், ஓயாத பேச்சினின்று விலகியிருப்பின் உள்ளம் தெளியும் என்பதை நம் சமுதாயம் நெடுங்காலமாக உணர்ந்துள்ளது.

முன்னோடிகள்

அமெரிக்காவில் இசையமைப்பாளர் எட்வர்டு மெக்டவல், அவர்தம் துணைவியார் மரியன் ஆகியோரின் முயற்சியால் 1907-இல் கலைஞர் உறைவிடம் ஒன்று தோன்றியது. பணி தடைப்படாதிருக்க, நண்பகல் உணவைக் கூடையில் இட்டுக் கதவருகே வைத்துச் செல்வது அங்குள்ள வழக்கம். அயோவா பல்கலைக்கழகத்தில் 1967-இல் பன்னாட்டு எழுத்துத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1973-இல் அங்குச் சென்று தங்கிய அசோகமித்திரன், அவ்வனுபவத்தின் அடிப்படையில் 'ஒற்றன்' எனும் நாவலைத் தந்தார்.

தமிழகத்தில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவாயிற்று. கைவினைப் பொருள்களை விற்ற வருவாயைக் கொண்டே அக்கலைஞர்கள் நிலம் வாங்கினர். 1977-இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளி நடத்திய நாடகப் பட்டறை, தமிழ் நவீன நாடகத்திற்கு ஊக்கமளித்த நிகழ்வுகளுள் ஒன்றாகும்.

நம் வட்டாரத்திலும் சான்று உண்டு. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747), இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கிச் சமயப்பணியோடு தமிழ்ப்பணியும் புரிந்தார். அவ்வூர்த் திருத்தலத்தின்மீதே திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். நகர்ப்புறத்தினின்று விலகிய கொள்ளிடக் கரைச் சிற்றூர் ஒன்று ஒரு புலவருக்குப் போதுமானதாயிருந்தது என்பது எண்ணத்தக்கது.

நம் மாவட்டங்கள் தரும் களம்

'வறண்ட பூமி' என்று நாமே நம் ஊரைக் குறைத்துப் பேசுகிறோம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. அதன் பழமை சுமார் 12 கோடி ஆண்டுகள் எனக் கூறப்படுகிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், முன்னொரு காலத்தில் இங்குக் கடல் இருந்தமைக்குச் சான்று. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் 2004-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கரைவெட்டி ஏரி, பொங்கல் விடுமுறைக்கு உகந்த இடம். இரஞ்சன்குடிக் கோட்டையும் அருகில் உள்ளது.

இவற்றினும் மேலான களம் மனிதர்களின் நினைவு. லெப்பைக்குடிக்காடு, வி. களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து கடல் கடந்து பொருளீட்டச் சென்றோர் பலர். அவர்தம் பயணங்களும், இங்கிருந்து வீட்டைக் காத்த பெண்டிரின் ஆண்டுகளும் பெரும்பாலும் எழுதப்படாதவை. கல்மரம் நமக்காக இன்னும் பல காலம் காத்திருக்கும்; முதியோர் காத்திருக்க இயலாது.

நடத்தும் முறை

மூன்று நாள்கள் போதும். முதல் நாள் ஓரிடத்தைக் காணுதல் அல்லது ஒரு முதியவரிடம் கேட்டறிதல். அன்று குறிப்பு மட்டுமே எடுத்தல் வேண்டும். இரண்டாம் நாள் முற்பகல் முழுதும் பேச்சின்றித் தனித்து எழுதுதல். மாலையில் வட்டமாக அமர்ந்து படித்தல்; படித்தவர் வாய் திறவாது கேட்க, மற்றவர் முதலில் நிறையையும் பின்னர் ஐயத்தையும் கூறுதல். மூன்றாம் நாள் திருத்தி எழுதுதல். ஆசிரியர் மதிப்பெண் இடலாகாது; இட்டால் மாணவர் அவருக்காகவே எழுதுவர்.

இங்கு ஒரு தடையை மறைத்தல் கூடாது. நம் மாணவர் பலருக்கு விடுமுறை என்பது வயலிலோ கடையிலோ கூலி ஈட்டும் காலம். மூன்று நாள் கூலியை இழக்கச் சொல்லும் உரிமை நமக்கில்லை. ஆதலின் கட்டணம் அறவே கூடாது. உணவும் பேருந்துச் செலவும் ஊர்ப் பெரியோர் ஏற்க வேண்டும். வேலைக்குச் செல்வோர்க்கென மாலை வேளையிலும் ஓர் அமர்வு வேண்டும். மாணவியர் பங்குபெற, ஆசிரியைகள் பொறுப்பேற்பதும், அந்திக்கு முன் வீடு சேர்ப்பதும், தொழுகைக்கு இடமும் நேரமும் ஒதுக்குவதும் இன்றியமையாதன. இவை உறுதியாயின் பெற்றோர் இசைவு தாமே கிட்டும்.

ஒரு குறிப்பேடும், செவிசாய்க்கும் பொறுமையும், ஓர் ஊரின் நல்லெண்ணமும் இருப்பின் இப்பயிற்சி நடைபெறும். வரும் கோடை விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரின் வாழ்வைப் பத்துப் பக்கம் எழுதிக் கொணர்வாராயின், அடுத்த மலரின் பெரும்பகுதியை அவர்தம் எழுத்துகளே நிரப்பும். பெரியோர் துணை நிற்க, இன்ஷா அல்லாஹ், அது கைகூடும்.