பணம் வங்கியில், பங்கு குலுக்கலில்

பொதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிப்பது இன்று ஒரு நிமிட வேலை. முப்பது ஆண்டு மோசடிகளுக்குப் பிறகு சிறு முதலீட்டாளரின் பணத்துக்குக் காவல் கிடைத்திருக்கிறது. அவர் எடுக்கும் முடிவுக்கு அந்தக் காவல் இல்லை.

2025 நவம்பர் 19, புதன்கிழமை. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட எக்செல்சாஃப்ட் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் பங்கு வெளியீடு அன்று காலை தொடங்கியது. கல்விக்கும் தேர்வுகளுக்கும் மென்பொருள் தயாரிக்கும் நிறுவனம் அது. மொத்தம் ரூ. 500 கோடி, பங்கின் விலை ரூ. 114 முதல் ரூ. 120 வரை. குறைந்தது 125 பங்குகள் கேட்க வேண்டும். அதாவது உச்ச விலையில் ரூ. 15,000. மூன்றாம் நாள் மாலை கணக்கு முடிந்தபோது, சிறு முதலீட்டாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட பங்குகளைப் போல 15 மடங்குக்கும் மேல் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்திருந்தன.

இத்தனைக்கும் எந்த வங்கியின் வாசலிலும் வரிசை இல்லை. பெரும்பாலானோர் விண்ணப்பித்தது கைபேசியில். அதைவிட முக்கியம், விண்ணப்பித்த யாருடைய பணமும் அன்று அவரது வங்கிக் கணக்கை விட்டு வெளியேறவில்லை. வேண்டிய தொகையைக் கணக்கிலேயே முடக்கி வைத்தது வங்கி. ஒதுக்கீடு கிடைத்தவரின் பணம் மட்டும் போனது. கிடைக்காதவரின் பணம் விடுவிக்கப்பட்டது. நவம்பர் 26-ல் பங்கு ரூ. 135-க்குப் பட்டியலானது.

ஓய்வுபெற்றவர்களின் சொர்க்கம் என்று பெயரெடுத்த ஊர் மைசூர். பென்ஷன், கிராஜுவிட்டி, பிராவிடன்ட் ஃபண்ட் என வாழ்நாள் சேமிப்பை வங்கியில் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பங்குக்கு விண்ணப்பிப்பது என்றால் இவர்களில் மூத்தவர்களின் நினைவுக்கு வருவது வேறொரு காட்சி.

காசோலைக் காலம்

1990களில் மைசூரில் பங்குச் சந்தை கிடையாது. பக்கத்தில் இருந்தது பெங்களூர் பங்குச் சந்தை. அதுவும் 2014-ல் மூடுவிழா கண்டது. புரோக்கரிடமோ அவரது ஏஜென்டிடமோ இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ அச்சடித்த படிவத்தை வாங்கி, நிரப்பி, காசோலையைப் பின் செய்து, குறிப்பிட்ட வங்கிக் கிளையில் கொடுக்க வேண்டும். பிறகு காத்திருப்பு. பங்கு கிடைத்தால் தபாலில் சான்றிதழ் வரும். கிடைக்காவிட்டால் ரீஃபண்ட் ஆர்டர் வரும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், பணம் கம்பெனியிடம் கிடக்கும். வட்டி யாருக்குப் போயிற்று என்று கேட்கவே வேண்டாம்.

1947-ம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1992-ல் விலக்கப்படும்வரை, புதிய பங்கின் விலைக்கு டெல்லியில் ஒரு அதிகாரியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. சட்டம் போனதும் விலையை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றானது. அதே ஆண்டில்தான் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபிக்குச் சட்டபூர்வ அதிகாரம் கிடைத்தது. கதவு திறந்தது, காவலாளி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டே ஒரு பாடம். 1993 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் தன் பங்குகளை ரூ. 95-க்கு வெளியிட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி பொறியியல் படித்தது மைசூரில். ஆனால் அந்த வெளியீட்டைச் சீந்துவாரில்லை. கேட்பு போதாமல், மார்கன் ஸ்டான்லி 13 சதவீதப் பங்குகளை அதே விலைக்கு வாங்கிக் கைகொடுத்தது. ஜூனில் பட்டியலானபோது விலை ரூ. 145. இன்று மைசூரின் ஹெப்பாலில் பரந்து கிடக்கும் அதன் பயிற்சி வளாகம், அன்று படிவத்தை நிரப்பாமல் விட்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம்.

எதிர்மறைப் பாடமும் உடனே வந்தது. 1990களின் நடுவில் முதல் வெளியீடுகள் வெள்ளமாகப் பெருகின. பணத்தை வாங்கிக்கொண்ட பல நிறுவனங்கள் முகவரியே இல்லாமல் போயின. 'மறைந்துபோன கம்பெனிகள்' என்று அரசே பட்டியல் போட்டபோது எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. இன்ஃபோசிஸை ஒதுக்கிய கைகளும் இவற்றுக்குக் காசோலை எழுதிய கைகளும் ஒரே நடுத்தர வர்க்கத்தின் கைகள்தான்.

பேராசையின் கணக்கு

பணத்தை வங்கியிலேயே வைத்து விண்ணப்பிக்கும் யோசனை புதிதல்ல. 1990களின் தொடக்கத்திலேயே 'ஸ்டாக் இன்வெஸ்ட்' என்ற வங்கிப் பத்திரம் இருந்தது. பங்கு ஒதுக்கும்வரை பணம் கணக்கில் இருந்து வட்டி ஈட்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் துஷ்பிரயோகம் மலிந்து, 2003-ல் கைவிடப்பட்டது.

இதற்கிடையே காகிதச் சான்றிதழ்கள் மறைந்தன. 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. பங்குகள் டீமேட் கணக்குகளில் மின்னணுப் பதிவுகளாயின. போலிச் சான்றிதழ் ஒழிந்தது. போலிக் கணக்கு பிறந்தது. 2005-ல் யெஸ் பேங்க் வெளியிட்ட பங்குகளில், அகமதாபாதைச் சேர்ந்த ஒருவர் தன் பெயரில் 1,050 பங்குகள் கேட்டார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் பங்கு பட்டியலாவதற்கு முந்தைய நாள், தலா 150 பங்கு கிடைத்திருந்த 6,315 கணக்குகளிலிருந்து 9,47,250 பங்குகள் அவரது கணக்குக்கு வந்து சேர்ந்தன. அத்தனையும் சிறு முதலீட்டாளர்களுக்கென ஒதுக்கிய பங்குகள். அத்தனை பெயர்களும் கற்பனை என்றது செபி. மோசடியில் ஈடுபட்டவர்களிடம் வசூலித்த பணத்திலிருந்து, உண்மையாக விண்ணப்பித்து ஏமாந்தவர்களுக்கு 2010-ல் இழப்பீடு வழங்கத் தொடங்கினார்கள். சிறு முதலீட்டாளருக்குப் பணம் திரும்பி வந்த அபூர்வ நிகழ்ச்சி அது.

அதன் பிறகு பான் எண் கட்டாயமாயிற்று. ஒரு பான் எண்ணுக்கு ஒரே விண்ணப்பம் என்ற விதிக்குப் பல் முளைத்தது.

2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் வெளியீடு. தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் முழுப் பங்குகளுக்கும் கேட்பு வந்துவிட்டது. விலை ரூ. 450, சிறு முதலீட்டாளருக்கு ரூ. 20 தள்ளுபடி. நாடு முழுவதும் விண்ணப்பப் பணம் வாரக்கணக்கில் முடங்கியது. பிப்ரவரி 11-ல் பட்டியலான அன்றே பங்கு ரூ. 372.50-க்கு இறங்கியது.

அந்த ஆண்டின் நடுவில் செபி அறிமுகம் செய்தது ஆஸ்பா. விண்ணப்பத் தொகையை வங்கிக் கணக்கிலேயே முடக்கும் முறை. 2016 முதல் எல்லோருக்கும் இது கட்டாயம். 2019-ல் யூ.பி.ஐ. சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பர் முதல், வெளியீடு முடிந்த மூன்றாம் வேலை நாளில் பங்கு பட்டியலாக வேண்டும். முன்பு மாதங்கள் ஆனது இப்போது மூன்று நாளில் முடிகிறது.

குலுக்கல் சீட்டு

விண்ணப்பித்த எல்லோருக்கும் பங்கு கிடைத்துவிடுமா? லாபம் ஈட்டும் நிறுவனங்களின் வெளியீட்டில் குறைந்தது 35 சதவீதம் சிறு முதலீட்டாளர்களுக்கு. தொடர்ந்து லாபம் காட்டாத நிறுவனமானால் 10 சதவீதம் மட்டுமே. ரூ. 2 லட்சம் வரை விண்ணப்பிப்பவர் இந்தப் பிரிவில் வருவார். 2012-ல் வந்த விதிப்படி, முடிந்தவரை ஆளுக்கு ஒரு லாட்டாவது தர வேண்டும். ஒரு லட்சம் லாட்டுக்குப் பத்து லட்சம் பேர் வந்தால்? கணினி குலுக்கல்தான். பத்தில் ஒருவருக்கு ஒரு லாட், ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை. ரூ. 2 லட்சத்துக்குக் கேட்டவரும் ரூ. 15,000-க்குக் கேட்டவரும் இங்கே சமம். எனவே பெரும் கேட்புள்ள வெளியீட்டில் பல லாட் கேட்பதில் பயனில்லை.

கணவன், மனைவி, வயதுவந்த பிள்ளைகள் தத்தம் பான் எண், டீமேட், வங்கிக் கணக்குகளில் தனித்தனியே விண்ணப்பிப்பதில் தவறில்லை. கணக்கைப் பிறருக்கு 'வாடகை'க்கு விடுவதுதான் வம்பு. 

குலுக்கலில் விழுந்த பங்கை மக்கள் லாட்டரிப் பரிசாகவே பார்க்கிறார்கள். 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரையிலான வெளியீடுகளை செபி ஆராய்ந்தது. தனிநபர்கள் தமக்குக் கிடைத்த பங்குகளில், மதிப்புக் கணக்கில் பாதியை ஒரே வாரத்தில் விற்றிருந்தார்கள். லாபம் 20 சதவீதத்தைத் தாண்டியபோது மூன்றில் இரண்டு பங்கு விற்பனையாயிற்று. நஷ்டமென்றால் விற்க மனம் வரவில்லை. கால் பங்குகூட விற்கவில்லை. கனியைப் பறித்துவிட்டு முள்ளை வைத்துக்கொள்ளும் விவசாயம்.

வாரம் ஒரு லாபம் என்பதும் உறுதியில்லை. 2021 நவம்பரில் ரூ. 2,150-க்கு வந்த பேடிஎம் பங்கு, பட்டியலான நாளின் முடிவில் ரூ. 1,564. அரசின் எல்.ஐ.சி. பங்கு 2022 மே மாதம் ரூ. 949-க்கு வெளியாகி ரூ. 867-க்குப் பட்டியலானது.

யார் பைக்குப் போகிறது?

பிராஸ்பெக்டஸ் எனப்படும் வெளியீட்டு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். முழுவதும் படிப்பவர் அரிது. ஆனால் ஒரே ஒரு கேள்விக்காவது அதில் விடை தேட வேண்டும்: பணம் யாருக்கு? எக்செல்சாஃப்டின் ரூ. 500 கோடியில் நிறுவனத்துக்குப் போனது ரூ. 180 கோடி. மைசூரில் புதிய கட்டடம் போன்ற பணிகளுக்கு அது. மீதி ரூ. 320 கோடி, பங்குகளை விற்ற பழைய உரிமையாளர்களுக்கு. இதில் சட்ட மீறல் ஏதுமில்லை. எல்லாம் அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் தொழில் வளர்ச்சிக்குப் பணம் தருகிறோமா, விற்பவரிடம் வாங்குகிறோமா என்று தெரிந்துகொண்டு வாங்குவது வேறு.

இன்றைய ஆபத்து இன்னொரு திசையில் இருந்து வருகிறது. வாட்ஸ்அப் குழுக்களிலும் போலிச் செயலிகளிலும், 'வெளிநாட்டு நிறுவனங்களின் ஒதுக்கீட்டில் உங்களுக்கும் பங்கு, தள்ளுபடி விலையில், டீமேட் கணக்கே வேண்டாம்' என்று வலை விரிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் செபி இது பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. சேமிப்பு கையில் இருக்கும் ஓய்வூதியர்தான் இந்த வலைக்குத் தோதான மீன்.

ஆஸ்பாவின் உண்மையான மதிப்பு இங்கேதான். முறையான விண்ணப்பத்தில் பணம் யாருக்கும் அனுப்பப்படுவதில்லை. ஒதுக்கீட்டுக்கு முன் 'இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்' என்று கேட்பவர், யார் பெயரைச் சொன்னாலும், மோசடிக்காரர். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும்.

விண்ணப்பிக்கும் வழி

• பான் எண், டீமேட் கணக்கு, வங்கிக் கணக்கு மூன்றும் விண்ணப்பதாரரின் பெயரிலேயே இருக்க வேண்டும். பிறர் கணக்கிலிருந்து பணம் முடக்கினால் விண்ணப்பம் தள்ளுபடி.

• வழி இரண்டு. வங்கியின் நெட் பேங்கிங்கில் அல்லது கிளையில் படிவம் கொடுத்து ஆஸ்பா மூலம் விண்ணப்பிக்கலாம். அல்லது புரோக்கரின் செயலியில் விண்ணப்பித்து யூ.பி.ஐ. எண் தரலாம்.

• விலை கேட்கும் இடத்தில் 'கட்-ஆஃப்' என்பதைத் தேர்ந்தால், முடிவாகும் விலை எதுவானாலும் ஏற்பதாகப் பொருள். உச்ச விலைக்கான தொகை முடக்கப்படும்.

• யூ.பி.ஐ. வழியில், கைபேசிக்கு வரும் கோரிக்கையை வெளியீடு முடியும் நாள் மாலை 5 மணிக்குள் ஏற்க வேண்டும். மறந்தால் விண்ணப்பம் செல்லாது.

• வெளியீடு முடியும்வரை சிறு முதலீட்டாளர் விண்ணப்பத்தைத் திருத்தலாம், திரும்பப் பெறலாம்.

• ஒதுக்கீட்டு முடிவைப் பதிவாளரின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு பார்க்கலாம்.

• முடிந்த இரண்டாம் வேலை நாளுக்குள் பணம் விடுபட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்குக் குறைந்தது ரூ. 100 இழப்பீடு கேட்க உரிமை உண்டு. முதலில் வங்கியிடம் புகார். பலிக்காவிட்டால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில்.

படிவம் நிரப்பி வரிசையில் நின்ற காலத்தில் விண்ணப்பிப்பது கடினம். அதனால் யோசிக்க நேரம் கிடைத்தது. இன்று விண்ணப்பிக்க ஒரு நிமிடம் போதும். யோசிப்பதற்கான நேரத்தை முதலீட்டாளர் தானே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மட்டும் குலுக்கல் கிடையாது.