அரண்மனையை விட்டார்! காவி உடுத்தினார்!
அருளானந்தரும் அவருடைய தாயும்

அரண்மனையில் வளர்ந்தவர் அவர். இளவரசருடன் பழகியவர். அவர் விரும்பியிருந்தால் பட்டும் பதவியும் காலடியில் வந்து கிடந்திருக்கும். ஆனால் அவர் எல்லாவற்றையும் உதறினார். கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார். காவி உடுத்தி, தரையில் படுத்து, கடைசியில் ஓரியூரில் உயிரைக் கொடுத்தார்.

அவர்தான் ஜான் டி பிரிட்டோ. தமிழ் மக்கள் அறிந்த பெயர் அருளானந்தர்.

தாயின் நேர்த்திக் கடன்

போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். அங்கே 1647-ம் ஆண்டு ஒரு பிரபுவின் வீட்டில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பிறகு அரண்மனையில் இளவரசர் பேத்ருவுக்குப் பணிவிடை செய்யும் சிறுவர்களில் ஒருவராகச் சேர்ந்தார்.

ஒரு சமயம் ஜானுக்குக் கடும் நோய் கண்டது. பிழைப்பது அரிது என்ற நிலை. தாய் துடித்தாள். என்ன செய்தாள் தெரியுமா? புனித சவேரியாரை வேண்டினாள். பிள்ளை பிழைத்தால், ஓர் ஆண்டு முழுவதும் சவேரியாரின் சபையான சேசு சபைத் துறவிகளின் அங்கியை அவனுக்கு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டாள்.

பிள்ளை பிழைத்தான். தாயும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பட்டாடைச் சிறுவர்களுக்கு நடுவே ஒரு சிறுவன் மட்டும் கறுப்பு அங்கியில் உலாவினான்.

நேர்த்திக் கடன் ஓர் ஆண்டில் தீர்ந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் மனம் அந்த அங்கியிலேயே ஒட்டிக்கொண்டது! 1662-ம் ஆண்டு, 15 வயதில், அவர் உண்மையிலேயே துறவியானார்.

கலங்கினாள் தாய்

மகன் துறவியானதைத் தாய் தாங்கிக்கொண்டாள். ஆனால் இந்தியாவுக்குப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அவள் மனம் கலங்கிவிட்டது. அந்தக் காலத்தில் கப்பல் ஏறினால் கரை சேர்வதே உறுதியில்லை. பெரிய மனிதர்களிடம் எல்லாம் போய், மகனைத் தடுத்து நிறுத்தும்படி மன்றாடினாள்.

பலன் இல்லை. 1673-ம் ஆண்டு மகன் கப்பல் ஏறிவிட்டார்.

தாய் மீது அன்பு இல்லாமலா போனார்? இல்லை. கிறிஸ்தவத் துறவிகள் இந்த உலகத்தை ஒரு சத்திரம் போல எண்ணுகிறார்கள். சத்திரத்தில் தங்கலாம், உண்ணலாம், பிறருக்கு உதவலாம். ஆனால் சத்திரத்துத் தூணைக் கட்டிக்கொண்டு, இது என்னுடையது என்று அழலாமா? சொந்த வீடு இறைவனிடத்தில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே பிரிவு இல்லை. அந்த வீட்டை நினைத்துத்தான் ஜான் தாயைப் பிரிந்தார்.

பண்டார சாமி

அவருக்கு முன்பே, 1606-ம் ஆண்டு, ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்திருந்தார். இறைச்சியும் மதுவும் உண்பவரைத் தமிழர் துறவியாக மதிப்பதில்லை என்பதைக் கண்டு, அவர் தமிழ்நாட்டுச் சன்னியாசி போலவே வாழ்ந்தார். ஜானும் அதே வழியில் சென்றார்.

காவி உடை. தலையில் பாகை. கையில் ஒரு கோல். இறைச்சி, மீன், மது எதையும் தொடமாட்டார். படுக்கை வெறுந்தரைதான். பண்டார சாமி போல ஊர் ஊராக நடந்தார். ஏழை எளியவர்களின் குடிசைகளைத் தேடிப் போனார்.

1686-ம் ஆண்டு மறவர் நாட்டில் பிடிபட்டார். அவரைக் கட்டி வைத்து அடித்தார்கள். ராமநாதபுரம் சீமையை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி அவரை வரவழைத்து விசாரித்தார். இனி என் நாட்டில் உன் மதத்தைப் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார்.

மன்னர் அழைத்தும் மறுத்தார்

மறு ஆண்டு, சபைக் காரியமாக ஜான் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது போர்ச்சுக்கல் மன்னர் யார்? பழைய தோழர் பேத்ருவேதான்! அவரை லிஸ்பனிலேயே நிறுத்திக்கொள்ள மன்னர் விரும்பினார்.

ஆனால் தாய்நாட்டிலும் ஜான் தமிழ்நாட்டுச் சாமியாராகவே இருந்தார். விருந்துகள் நடக்கும் ஊரில் இறைச்சியும் மதுவும் இல்லாத எளிய உணவு. மெத்தைகள் உள்ள வீட்டில் தரையில் படுக்கை. 1690-ம் ஆண்டு மீண்டும் இந்தியா வந்து சேர்ந்தார்.

ஓரியூரில் முடிவு

தடியத் தேவர் என்ற மறவர் குலத் தலைவர் கடும் நோயிலிருந்து குணமாகிக் கிறிஸ்தவரானார். கிறிஸ்தவருக்கு ஒரே மனைவிதான். எனவே மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவு. அவள் சேதுபதியிடம் போய் முறையிட்டாள். வாழ்வை இழந்தவளின் கண்ணீர் அல்லவா? சேதுபதி சீற்றம் கொண்டார். 1693-ம் ஆண்டு ஜனவரியில் ஜான் மீண்டும் சிறைப்பட்டார். பிறகு ஓரியூருக்கு அனுப்பப்பட்டார்.

சிறையில் எழுதுகோல் இல்லை, மையும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு குச்சியால் சக துறவிகளுக்குக் கடிதம் எழுதினார். அதில் புலம்பல் இல்லை. நெடுநாள் விரும்பியது கிடைக்கப் போகிறது என்ற மகிழ்ச்சியே இருந்தது.

மறுநாள் பிப்ரவரி 4. அது சாம்பல் புதன். மனிதன் மண்ணுக்குத் திரும்புகிறவன் என்பதை நினைத்துக் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசும் நாள். அன்று அவர் தலை வெட்டப்பட்டது. வயது 45.

1947-ம் ஆண்டு, போப் 12-ம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இன்றும் ஓரியூரின் செம்மணலை மக்கள் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள்.

தாய் உடுத்திய உடை

செய்தி லிஸ்பனுக்கு எட்டியது. நன்றி வழிபாடு நடத்தும்படி மன்னர் உத்தரவிட்டார். ஆலயத்துக்குத் தாயும் வந்தாள்.

துக்க உடையிலா வந்தாள்? இல்லை. திருவிழா உடை உடுத்தி வந்தாள்!

கப்பல் ஏறிய மகனைத் தடுக்க ஒரு காலத்தில் ஓடி ஓடி அலைந்தவள் அவள். இப்போது மகன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நம்பினாள். அந்த உள்ளத்துக்குள் எத்தனை அழுகை இருந்ததோ, பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.