இரவு வானம் – 9: பூச்சோங் வெளிச்சத்துக்கு மேலே ஓரியன்

ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படம் பிடித்தவர் ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 இரவு, நியூயார்க்குக்கு அருகே, 11 அங்குலத் தொலைநோக்கியில் தகட்டைப் பொருத்தி 51 நிமிடம் ஒளி வாங்கினார். பூச்சோங்கில் ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்து வைத்தால், எல்டிபி நெடுஞ்சாலை விளக்குகளும் கடைப் பலகைகளும் படத்தை வெளுக்கவைத்துவிடும். அதனால் நாம் அந்த நேரத்தைத் துண்டு துண்டாக எடுக்கிறோம்.

பழைய கேனன் 600டி, 50 மி.மீ. லென்ஸ், முக்காலி போதும். 2 விநாடியில் வானம் 30 விகலை நகரும். இந்தக் கேமராவில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 18 விகலை. நகர்வு இரண்டு பிக்சல்கூட இல்லாததால், வானத்தோடு சேர்ந்து நகரும் டிராக்கர் இல்லாமலே விண்மீன்கள் புள்ளியாகவே விழும். அப்படி 900 படம் எடுத்தால் அரை மணி நேர ஒளி கையில். டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்துத் தரும். ஒற்றைப் படத்தோடு ஒப்பிட்டால் இரைச்சல் 30-இல் ஒரு பங்காகிறது. 900-இன் வர்க்கமூலம் அது.

இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். அடுக்குவதால் நகர வெளிச்சம் போகாது. சராசரியிலும் அது அப்படியே நிற்கும். குறைவது அதன் மேலுள்ள மணல்மணலான இரைச்சல்தான். வெளிச்சம் படம் நெடுகச் சீராக மாறுவதால், அதைக் கணித்துக் கழிக்க மென்பொருளால் முடியும். ஆனால் அந்த வெளிச்சம் கொண்டுவந்த இரைச்சலைக் கழிக்க வழியே இல்லை. இருண்ட ஊரில் 50 படத்தில் கிடைப்பதற்கு இங்கே நூற்றுக்கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். 20 படம் போதும் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. திருவாதிரை இருக்கும் இந்த ஓரியன், பூச்சோங்கில் உச்சிக்கு வரும்போது நெபுலா 82 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் 33 பாகைதான். தலைக்கு நேர்மேலே காற்றும் குறைவு, ஒளிப்படலமும் மெல்லியது. ஜனவரி, பிப்ரவரியில் மழை சற்று ஓயும் இரவுகளைத் தவறவிடாதீர்கள்.

சுபாங் விமானம் குறுக்கே போனால் அந்தப் படத்தை எறிய வேண்டாம். 900 படங்களில் ஒன்றில் மட்டும் எகிறி நிற்கும் பிக்சலை, ‘சிக்மா கிளிப்பிங்’ தானே விலக்கிவிடும்.

சென்சாரின் இரைச்சலைக் கழிக்க உதவும் இருட்டுப் படங்களான டார்க் பிரேம்களை லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில், வானத்தைப் படமெடுத்த இடத்திலேயே எடுங்கள். ஏர்கோன் அறையில் எடுத்தால் பொருந்தாது; சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். டிராக்கர் வாங்கி 60 விநாடி எடுக்கத் தொடங்கினால் இது இன்னும் கடுமையாகத் தெரியும்.

நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் ஒளி. சாதாரணக் கேமராவின் உள் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. இதற்காகவே கேனன் 2005-இல் 20டிஏ, 2012-இல் 60டிஏ கேமராக்களை வெளியிட்டது. நம்மிடம் இருப்பதில் சிவப்பு மங்கித்தான் வரும். பரவாயில்லை, மையத்தின் இறக்கை வடிவம் தெளிவாகவே கிடைக்கும்.

அடுக்கிய கோப்பைத் திறந்ததும் திரை கறுப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம். முதலில் பின்னணியைக் கழித்து, நிறத்தைச் சரிசெய்து, அதன்பிறகே வெளிச்சத்தை நீட்டுங்கள். வரிசை மாறினால், கழிக்கவேண்டிய நகர வெளிச்சமும் நெபுலாவோடு சேர்ந்து நீண்டுவிடும்.