செஞ்சோற்றுக் கடன்: கும்பகருணனும் வீடணனும்

நவராத்திரி ஆனாலும் சித்திரைப் புத்தாண்டு ஆனாலும், நம் ஆலய மண்டபங்களில் பட்டிமன்றம் என்று வைத்துவிட்டால் தவறாமல் தலைகாட்டும் தலைப்பு ஒன்று உண்டு. உடன்பிறந்தாரில் உயர்ந்து நிற்பவன் கும்பகருணனா, வீடணனா என்பதே அது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அவர்கள் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாள் முதல் தமிழ் கேட்கும் ஊர்களிலெல்லாம் இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் சபையின் கைதட்டல் பெரும்பாலும் கும்பகருணனுக்கே விழுகிறது. 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படம் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த பிறகு கேட்கவே வேண்டாம். உண்ட வீட்டுக்கு உயிர் கொடுத்தவன் என்றால் நம் மக்களுக்குக் கண் கலங்கிவிடும்.

கலங்கட்டும், தவறில்லை. ஆனால் கவிச்சக்கரவர்த்தி அந்த இரு தம்பியரையும் படைத்திருக்கும் விதத்தை ஊன்றிப் படித்தால், நாம் கைதட்டும் இடம் ஒன்றாகவும் அவர் சுட்டிக்காட்டும் இடம் வேறொன்றாகவும் இருப்பது தெரியவரும். அதை மெய்யன்பர்களோடும், குறிப்பாக நம் அறநிலையத்திற்கு வாரி வழங்கும் நன்கொடையாளர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் யுத்த காண்டத்தின் மந்திராலோசனைக்குச் செல்வோம். அனுமன் இலங்கையை எரித்துவிட்டுப் போயிருக்கிறான். நகரைப் புதுப்பித்தாகிவிட்டது. இராவணன் அவையைக் கூட்டி, செய்யவேண்டியது என்ன என்று கேட்கிறான். மகோதரன் முதலிய படைத்தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுகிறார்கள். மனிதர் இருவரும் குரங்குக் கூட்டமும் நமக்கு ஒரு பொருட்டா, ஒரு சொல் சொன்னால் தின்றுவிட்டு வருகிறோம் என்கிற பாணியில் பேசுகிறார்கள். எரிந்த நகரத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது? மன்னன் காதுக்கு எது இனிக்குமோ அதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த அவையில் முதன்முதலாக உண்மையைச் சொல்ல எழுந்தவன் யார் தெரியுமா? கும்பகருணன். மாற்றான் மனைவியைச் சிறையில் வைத்துவிட்டு மானத்தைப் பற்றிப் பேசுகிறோமே, நம் புகழ் என்ன ஆகும் என்று அண்ணன் முகத்துக்கு நேரே கேட்கிறான். ஆனால் அதே மூச்சில், இனி அவளை விட்டுவிடுவதும் எளிமையாகிவிடும், ஆகவே அவர்கள் இங்கு வருமுன் நாமே சென்று போரிடுவோம் என்றும் சொல்லிவிடுகிறான். தவறு எது என்று தெரிகிறது. அதைத் திருத்துவதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அவன் பாத்திரம் முழுவதும் இந்த ஒரே பேச்சில் அடங்கிக் கிடப்பதாக எனக்குத் தோன்றும்.

அவனுக்குப் பின் வீடணன் பேசுகிறான். சீதாபிராட்டியை விட்டுவிடு என்கிறான். அதற்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை. அண்ணன் மனத்தைத் திருப்ப இரணியன் கதையையே எடுத்துச் சொல்கிறான். வால்மீகியில் இல்லாத அந்தக் கதையைக் கம்பர் இந்த இடத்தில் ஒரு தனிப் படலமாகவே வைத்திருக்கிறார். பலன்? பகைவனிடம் அன்பு வைத்துவிட்டாய், என் கண்முன் நில்லாதே என்று இராவணன் விரட்டுகிறான். ஆக, வீடணன் தானாக ஓடிப்போனவன் அல்லன். சொல்லவேண்டியதை அவையில் சொல்லி, அது ஏறாமல், துரத்தப்பட்ட பின் நான்கு துணைவரோடு வெளியேறியவன். பட்டிமன்ற மேடைகளில் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்!

இப்போது கும்பகருணனை எழுப்பும் காட்சி. முதல் நாள் போரில் தோற்றுத் தலைகுனிந்து திரும்பிய இராவணன், உறங்கும் தம்பியை எழுப்ப ஆள் அனுப்புகிறான். நம் மண்டபத்தில் வாரந்தோறும் நான் நடத்தும் இலக்கிய வகுப்பில் பிள்ளைகள் மிகவும் ரசிப்பது இந்த இடம்தான். எழுந்ததும் 600 வண்டிச் சோறும் குடம் குடமாகக் கள்ளும் உள்ளே போகின்றன. அத்தனை உண்டும் பசி தீரவில்லை. வகுப்பே சிரிப்பில் அதிரும்.

ஆனால் கம்பர் சிரிக்க மட்டும் அதை வைக்கவில்லை. வயிறு நிறைந்து அண்ணன் முன் போய் நிற்கிறான் தம்பி. போர் மூண்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும், அந்தக் கற்பரசியின் துயரம் இன்னுமா தீரவில்லை என்றுதான் முதலில் கேட்கிறான். அவளை விடுத்து, பிழை பொறுக்கும்படி வேண்டி, உன் தம்பி வீடணனோடும் உறவு கொள் என்று எடுத்துரைக்கிறான். இராவணனுக்குச் சினம் பொங்குகிறது. ஊனும் கள்ளும் நிறைய உண்டுவிட்டாய், போ, போய் அந்த மனிதர்களையும் குரங்கையும் கும்பிட்டுப் பிழைத்துக்கொள், உறங்கு என்கிற பொருளில் இழித்துப் பேசுகிறான்.

சற்று முன் நாம் சிரித்த அதே சோறு இப்போது எங்கே வந்து விழுகிறது பாருங்கள். போட்டவனே அதை எடுத்து உண்டவன் முகத்தில் வீசுகிறான். நல்லது சொன்ன தம்பியிடம், நீ என் சோற்றைத் தின்றவன் என்று கணக்குக் காட்டுகிறான். கும்பகருணன் வேறு பேச்சுப் பேசவில்லை. பொறுத்தருள்க என்று சொல்லிச் சூலத்தை எடுத்துவிட்டான். வென்று திரும்புவேன் என்று நம்பவில்லை, விதி என் பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது, நான் இறந்தால் அதைக் கண்டாவது சீதையை விட்டுவிடு என்று வேண்டுகிறான். பிறந்த நாள் முதல் நான் செய்த குற்றம் ஏதும் இருந்தால் மன்னித்துவிடு என்று விடைபெறுகிறான். இராவணன் கண்ணிலும் நீர் வருகிறது. ஆனால் மனம் மாறவில்லை.

நன்கொடையாளர்களும் படிக்கும் மலர் இது. ஆகவே ஒன்றைத் துணிந்து சொல்லிவிடுகிறேன். செய்ந்நன்றி அறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். அது பெற்றவனுக்குச் சொன்ன அறம். கொடுத்தவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பெற்றவனின் வாயை அடைக்கலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. மின்விசிறியின் இறக்கையில் உபயதாரர் பெயர் எழுதுவதைப் பற்றி நம்மவர் கேலி பேசுவதுண்டு. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. பெயர் சுழன்றுவிட்டுப் போகட்டும், கீழே இருப்பவருக்குக் காற்று வருகிறதல்லவா! ஆனால் ‘நான் கொடுத்தேன், ஆகவே நான் சொல்வதே கணக்கு’ என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்தால், அது 600 வண்டிச் சோற்றைச் சொல்லிக்காட்டிய குரல்தான். நல்லவேளையாக, நம்மிடையே பெயரும் சொல்லாமல் உண்டியலில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

கதைக்குத் திரும்புவோம். களத்தில் வந்து நின்ற கும்பகருணனைக் கண்டு இராமபிரான் வியந்து, இவன் யார் என்று கேட்கிறார். அவன் அறம் அறிந்தவன், அண்ணனுக்கு நல்லது சொன்னவன் என்று வீடணன் கூறவே, அவனையும் நம்மோடு சேர்க்கலாமே என்ற எண்ணம் பிறக்கிறது. வீடணனே தூது செல்கிறான். இந்தச் சந்திப்பைக் கம்பர் விரித்துப் பாடிய அளவுக்கு வால்மீகி விரிக்கவில்லை. என் கணிப்பில் கம்பராமாயணத்தின் சிகரங்களுள் இது ஒன்று.

காலில் விழுந்த தம்பியைக் கும்பகருணன் தழுவிக்கொள்கிறான். மகிழ்ச்சியால் அல்ல, கவலையால். நாங்கள் எல்லோரும் மடிந்த பின் நீர்க்கடன் செய்ய நீ ஒருவனாவது மிஞ்சுவாய் என்று ஆறுதலாய் இருந்தேனே, ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்கிறான். பட்டிமன்றத்தில் வீடணனைத் துரோகி என்று ஏசுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். துரோகம் என்று சொல்ல எல்லாரையும்விட உரிமை உள்ள அண்ணன், தம்பி போன வழி அவனுக்குத் தக்க வழி என்றே ஒப்புக்கொள்கிறான். அரசாசைக்காகப் போனான் என்ற பழிக்கும் இங்கேயே விடை இருக்கிறது. இராமபிரான் தனக்குத் தந்த இலங்கை அரசை அப்படியே உனக்குத் தருகிறேன், உனக்கு ஏவல் செய்து இருக்கிறேன் என்று வீடணன் இரக்கிறான். பதவிக்கு ஓடியவன் பதவியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து கொடுப்பானா?

கும்பகருணன் மறுக்கிறான். தலைவன் தீமை நினைத்தால் திருத்தப் பார்க்கவேண்டும், திருந்தாவிட்டால் அவனுக்கு முன்னே களத்தில் மடிவதுதான் அவன் சோற்றை உண்டவனுக்கு உரியது என்பது அவன் முடிவு. நீரில் இட்ட கோடு போன்ற வாழ்வுக்காக, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனை விட்டு வரமாட்டேன் என்கிறான்.

கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! வகுப்பில் இதை நான் உருக்கமாக விளக்கி முடித்தபோது, படிவம் ஐந்தில் படிக்கும் ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, அவன் கையால் செத்த வானரங்கள் யாருடைய சோற்றைத் தின்றன?” என்று கேட்டாள்.

நாற்பது ஆண்டுகளாகக் கேட்ட பட்டிமன்றங்களில் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பேச்சாளரும் கேட்டு நான் அறியேன். கும்பகருணன் தன் உயிரை மட்டும் கொடுத்திருந்தால் அது அவன் உரிமை. ஆனால் தன் கடனை அடைக்க அவன் பிறர் உயிரையும் அல்லவா எடுத்துக்கொண்டான்? அவன் சூலத்திற்கும் காலடிக்கும் இரையான வானர வீரர்கள், வேறொருவன் மனைவியை மீட்க உதவிக்கு வந்தவர்கள். நன்றிக்கடனின் எல்லை இங்கேதான் வருகிறது என்பது என் எண்ணம். என் கையில் உள்ளதைக் கொடுத்து என் கடனை அடைக்கலாம். அடுத்தவன் வீட்டுப் பொருளை எடுத்து அடைக்கலாமா?

மகாபாரதத்திலும் இப்படி ஓர் இணை உண்டு. திரௌபதியை அவைக்கு இழுத்து வந்தபோது, நூற்றுவரில் ஒருவனான விகர்ணன் எழுந்து இது தருமம் அன்று என்றான். பின்னர்ப் போர் வந்தபோது துரியோதனன் பக்கமே நின்று மாண்டான். அதே தந்தைக்குப் பிறந்த யுயுத்சுவோ போர் தொடங்குமுன் பாண்டவர் பக்கம் சென்றான். விகர்ணனையாவது சிலர் அறிவர். யுயுத்சுவின் பெயரை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இது இதிகாச காலத்தோடு முடிந்த கதை அன்று. அறுபதுகளில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும்போது எடையைக் குறைத்துக் காட்டிய கிராணி ஒருவர் இருந்தார். லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும். சங்கத்திலிருந்து விசாரிக்க வந்தபோது சாட்சி சொல்ல ஒருவரைத் தேடினார்கள். எடையை நேரில் பார்த்த ஒரு பெரியவரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், எழுபது வெள்ளி கொடுத்து உதவியவர் அதே கிராணி. பெரியவர் இரவில் அவர் வீட்டுக்குப் போய், “ஐயா, எடையைச் சரியாகப் போடுங்கள், என்னைப் பேச வைக்காதீர்கள்” என்று கெஞ்சினாராம். பலனில்லை. மறுவாரம் சாட்சி சொன்னார். அதன் பிறகு மாதம் ஐந்து வெள்ளி வீதம் அந்த எழுபது வெள்ளியைக் கடைசி காசுவரை கொண்டுபோய்க் கொடுத்தார். முதலில் கதவைச் சாத்திக்கொண்ட கிராணி பிறகு வாங்கிக்கொண்டார் என்று என் தாயார் சொல்வார். அந்தப் பெரியவர் கம்பராமாயணம் படித்தவர் அல்லர். கைநாட்டுத்தான்.

அப்படியானால் கும்பகருணனைத் தள்ளிவிடலாமா? என்னால் முடியாது. பேசவேண்டிய இடத்தில், பேசவேண்டியவனிடம், முகத்துக்கு நேரே இரண்டு முறை பேசியவன் அவன். இடித்துரைக்கும் பெரியோர் துணை இல்லாத மன்னன் பகைவர் இன்றியே கெடுவான் என்பதைப் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துகிறார். இராவணனுக்கு அப்படிப்பட்ட துணை ஒன்றுக்கு இரண்டாக வீட்டிலேயே இருந்தது. ஒன்றைத் துரத்தினான், மற்றொன்றைக் களத்துக்கு அனுப்பிக் கொன்றான். மிஞ்சியவர்கள் மகோதரன் வகையறா. ஆகவே போனவன், இருந்தவன் என்று இலங்கையைப் பிரித்துப் பார்ப்பதைவிட, சொன்னவன், சொல்லாதவன் என்று பிரித்துப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அப்படிப் பார்த்தால் இந்தத் தம்பியர் இருவரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள். சொன்ன பின் என்ன செய்வது என்பதில்தான் வழி பிரிகிறது. அதில் என் வாக்கு வீடணனுக்கே, மனம் மட்டும் சற்றே கும்பகருணன் பக்கம் சாய்ந்தாலும்.

களத்தில் சுக்கிரீவன் கடித்து மூக்கும் காதும் போய், இராமபாணங்களால் கையும் காலும் இழந்த நிலையில் கும்பகருணன் இராமபிரானிடம் இரண்டு வேண்டுகோள் விடுக்கிறான். மூக்கில்லாத இம்முகத்தை யாரும் காணாதபடி என் தலையை அறுத்துக் கடலில் ஆழ்த்திவிடு என்பது ஒன்று. மற்றொன்று தம்பியைப் பற்றியது. இராவணன் கண்டால் அவனைக் கொன்றுவிடுவான், ஆகவே நீயோ உன் தம்பியோ அனுமனோ அவனை ஒரு கணமும் பிரியாமல் காத்துக்கொள்ளுங்கள் என்கிறான். இராமபிரானின் அம்பு அந்தத் தலையைக் கொண்டுபோய்க் கடலில் சேர்த்தது. வீடணன் காப்பாற்றப்பட்டான். பின்னர் இராவணனும் வீழ்ந்து, அவன் உடல்மேல் விழுந்து மண்டோதரியும் உயிர் நீத்தபோது, தன்னை விரட்டிய அண்ணனுக்காகப் புலம்பி அழுது, அவ்விருவருக்கும் ஈமக்கடன் செய்தவன் அவன்தான்.